எழுந்தாச்சு

மூணு பத்துக்குக் கரண்டு வந்தது.
கடலூர் ஓ.டி., ஐஸ் ஃபேக்டரி மாடி.
கண்டெய்னர்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தன.
அதுதான் சிக்கல்.

பில் போடுவது கண் விழித்ததுமே
டேட்டாபேஸ் கதவைத் தட்டியது.
அது உள்ளே,
கரண்டு போகும்முன் எழுதியதை
வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.
திறக்கவில்லை. பில் செத்தது.
எழுந்தது. தட்டியது. செத்தது.
நாற்பத்தொரு தடவை எண்ணினேன்.
டேட்டாபேஸுக்கு மட்டும் அப்போதே பச்சை விளக்கு.

இரண்டும் வேறு வேறு கோப்பில், வேறு வேறு கையில்.
இவனுக்கு முன் அவன் என்று
எழுதிவைக்கப் பொது இடமில்லை.
போன வருஷம் நான்தான் ஒட்டுப்போட்டேன்:
'முப்பது நொடி தூங்கு, பிறகு கிளம்பு.'
ஏன் முப்பது? வாய்க்கு வந்த எண்.

டேட்டாபேஸ் ஜெசிந்தாவின் பொறுப்பு,
முத்தியால்பேட்டையில் இருக்கிறாள். போன் போட்டேன்.
"எழுந்துட்டியா?"
"ம்."
"லாக் பாக்கணும், பாஸ்வேர்டு சொல்லு."
குறட்டை.

கீழே பில்லுக்காக லாரி நிற்கிறது, சொட்டிக்கொண்டு.
முகத்துவாரத்தில் நாலு படகு
இன்ஜினை அணைக்காமல்,
மணல்திட்டின் மேல் தண்ணீர் ஏறட்டும் என்று.
யாரும் நொடி எண்ணவில்லை.
டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.

தூங்கு என்ற வரியை அழித்தேன்.
'சின்னதாய் ஒரு கேள்வி கேள்.
பதில் வந்தால் உள்ளே போ.
வராவிட்டால் சாகாதே,
ஐந்து நொடி விட்டு மறுபடி கேள்.'

நாலே கால். முதல் பில்:
பதினெட்டு பார், குப்புராசு, சிங்காரத்தோப்பு.
போனை வைக்க மறந்திருக்கிறேன்.
"ம்... என்ன கேட்ட?" என்கிறாள் ஜெசிந்தா.