வேர்வை மட்டும்

நூர்மெஸ் ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
அக்டோபர் முடிவிலிருந்து ஏப்ரல் வரை
அதிகாலை மூன்று மணி எனக்குத்தான் சொந்தம்.

போன இலையுதிர்காலம் வரை
என் சர்க்கரைக்கு மரியாதை தெரியும்.
இறங்குமுன் சொல்லிக்கொண்டு இறங்கும்.
விரல் நடுங்கும்,
கியர் தண்டின் மேல் மோதிரம் தாளம் போடும்.
நெஞ்சு கதவை இடிக்கும்
கடன் கொடுத்தவன் மாதிரி.
வண்டியை ஓரம் கட்டுவேன்.
குளுக்கோஸ் வில்லைகளை மெல்லுவேன்.
கொஞ்ச நேரத்தில்
சாலை மறுபடி சாலையாகிவிடும்.

பிறகு ஒருநாள் இதயம் தாறுமாறாக ஓடியது.
யோவென்சூ மருத்துவமனையில்
வெள்ளையாய் ஒரு மாத்திரை கொடுத்தார்கள்.
"இனி இப்படி ஓடாது."
ஓடவில்லை.
டிசம்பர் ஏரியாகிவிட்டது நெஞ்சு,
மேலே லாரியே போகலாம்.

ஊசி போடக் கற்றுக்கொடுத்த தாதி இந்த ஊரில்.
இதயம் பார்த்த மருத்துவர்
நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.
நடுவில் உள்ள சாலையில் பாதியை
நான்தான் சுத்தம் செய்கிறேன்.
என்னைப் பற்றி ஒரு சேதியும்
அதில் போனதாகத் தெரியவில்லை.
நானும் சொல்லவில்லை.
கேட்டால்தானே சொல்வதற்கு.

சனிக்கிழமை சௌனா.
மேல் பலகையில் நான், கீழ்ப் பலகையில் மச்சான் ஆர்வோ.
கல்லில் தண்ணீர் விட்டோம்,
ஆவி எழுந்து காதைச் சுட்டது.
வேர்த்தது.
வேர்க்கத்தானே போகிறோம்?
யார் கேள்வி கேட்பார்கள், சௌனாவில் வேர்த்தால்?

கை நடுங்கவில்லை.
நெஞ்சு இடிக்கவில்லை.
ரொம்ப நிம்மதியாக
தரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேனாம்,
கல் இருக்கும் பக்கம் திரும்பாமல்.
ஆர்வோவை "முஸ்தி" என்று கூப்பிட்டேனாம்.
முஸ்தி எங்கள் நாய்.
செத்து ஒன்பது வருடம்.

நல்லவேளை, நாய்க்குக் கோபம் வந்தது.
என்னை இழுத்து வெளியே உட்காரவைத்து
லிங்கன்பெர்ரி சாற்றை வாயில் வைத்தான்.
குடித்தேன் என்கிறான். என் ஞாபகத்தில் இருப்பது
உதட்டில் பட்ட கண்ணாடியின் குளிர்ச்சி மட்டும்.
அளந்து பார்த்தபோது,
சாறு உள்ளே போன பிறகும்,
எண் மூன்றைத் தொடவில்லை.

திங்கட்கிழமை மருந்துக் கடையில் இங்கேரி
என் இரண்டு பெட்டிகளையும்
ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
முதன்முறையாக அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பது
தர்மத்துக்கு அழகு.
மருந்துக்கு இல்லை.

இங்கேரி சொன்னாள்:
இதய மாத்திரை நல்ல மாத்திரைதான், ஐமோ.
பயந்துபோய் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்,
அது இன்னும் மோசம்.
ஆனால் இடிக்கிற நெஞ்சை அமைதிப்படுத்தும்போது
எதற்காக இடிக்கிறது என்று அது கேட்பதில்லை.
நடுக்கத்தை மறைக்கும், படபடப்பை மறைக்கும்.
வேர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது.

சிரித்துவிட்டேன்.
மிச்சமிருக்கும் ஒரே சாட்சியை
வாரா வாரம் ஆவிக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை.
அந்தச் சூட்டில் ஊசி மருந்தும்
வேகமாக உள்ளே போகும் என்றாள்.
இரண்டு பெயர்களையும் ஒரே சீட்டில் எழுதி,
எந்த மருத்துவரிடம் போனாலும்
முதலில் இதை நீட்டுங்கள் என்றாள்.
அன்றே யோவென்சூவுக்கும் தாதிக்கும்
தொலைபேசி போட்டாள்.
ஊசியின் அளவைத் தாதி இரண்டு புள்ளி குறைத்தாள்.

இப்போது சௌனாவுக்கு முன் விரலைக் குத்தி அளக்கிறேன்.
வண்டி ஏறுமுன்னும்.
உடை மாற்றும் அறையில், துண்டுக்குப் பக்கத்தில்
சாறு ஒரு தம்ளர்.
எனக்குச் சர்க்கரை,
அதனால் சர்க்கரை இல்லாமல் எங்கும் போவதில்லை.
இதை ஆர்வோவுக்கு விளக்கிச் சொல்ல
ஒரு பீர் ஆகும் நேரம் பிடித்தது.
அவனுடைய பீர்.

நேற்று மூன்று மணிக்கு, மைனஸ் இருபத்திரண்டு.
ஹீட்டர் பழுது.
கழுத்துப் பட்டைக்குள் ஏதோ ஈரம்.

வண்டியை ஓரம் கட்டினேன்.
நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை.
கை பாறைபோல் இருந்தது.
அந்த ஒரு துளியை நம்பி
கையுறையைக் கழற்றினேன்.