நாலடி பத்தங்குலம்

அந்தப் படத்தில் பையன் விழும் இடமெல்லாம்
நான்.

யூட்டா மாநிலம், ஓரெம் நகரம், தொண்ணூற்று மூன்று.
மூடிப்போன மரச்சாமான் கடைக்குள்
நிஞ்சா கோயில் கட்டியிருந்தார்கள்.
தெர்மோகோல் டிராகன்,
வாலில் இன்னும் விலைச்சீட்டு.

கதை உங்களுக்கே தெரியும்.
மூன்று பிள்ளைகள், நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத அப்பா,
வீட்டில் புகும் முட்டாள் திருடர்கள்,
படிக்கட்டில் கோலிக்குண்டு, தலையில் தேன், தேனில் தலையணைப் பஞ்சு,
கடைசியில் ஒரு பறக்கும் உதை,
பிறகு எல்லோருக்கும் பீட்ஸா, திருடர்களுக்கும்.

நாயகன் டெவினுக்குப் பன்னிரண்டு வயது.
எனக்கு முப்பத்துநாலு.
உயரம் மட்டும் ஒன்று.
பள்ளியில் என்னைக் 'கட்டை' என்று கூப்பிட வைத்த அதே உயரத்துக்கு
நாளொன்றுக்கு இருநூறு டாலர் தந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு மார்பை இறுக்கிக் கட்டி
வைக்கோல் நிற விக் மாட்டி
மாடிக் கைப்பிடியில் சறுக்கி வருவேன்.
கீழே விலியாமி. தலைமைத் திருடன், டோங்காக்காரன்,
முன்னூறு பவுண்டு,
ஞாயிறுகளில் தேவாலயப் பாட்டுக்குழு.
என் குதிகால் தாடையை நெருங்குமுன்பே
பொத்தென்று விழுந்துவிடுவான்.
"அடி படட்டும், பிறகு விழு!"
இயக்குநர் மெர்லின் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவார்.
"குழந்தை சார் அது."
"குழந்தை இல்லையடா, நோரீன்!"
"நோரீனும் யாருக்கோ குழந்தைதானே சார்."

'என் அம்மாவின் வேலை' என்று
பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என் மகனை.
ஒரே சொல் எழுதினான்:
விழுகிறாள்.

ஜூனில் தொடங்கிய படம்
பணம் தீர்ந்து நின்று
அக்டோபரில் மறுபடி எழுந்தது.
அதற்குள் டெவினும் எழுந்துவிட்டான், இரண்டரை அங்குலம்.
"ஹையா!" என்று பாய்ந்தால்
பாதியில் துருப்பிடித்த கீல் ஒன்று கத்தியது.
தொடர்ச்சி பார்க்கும் பெண்
பழைய போட்டோவையும் புதுப் பையனையும் மாறி மாறிப் பார்த்து
வெளியே போய் சிகரெட் பற்றவைத்தாள்.
என் ஷூவுக்குள் மரக்கட்டை செருகினார்கள்.
கட்டைமேல் நின்று சுழன்று உதைப்பது எப்படி என்று
எந்த குருவும் சொல்லித் தந்ததில்லை.
உற்றுப் பார்த்தால் தெரியும்:
குதிக்கும்போது ஒரு உயரம், இறங்கும்போது வேறு,
காற்றிலேயே மீசை அரும்புகிறது அவனுக்கு.

கடைசி உதை. ஏழாவது டேக்.
மெத்தை ஒரு சாண் நழுவியிருந்தது.
விலாவில் ஒன்று போனது,
சத்தம் எனக்கு மட்டும் கேட்டது என்று நினைத்தேன்.

எட்டாவது டேக்குக்கு ஏறி நின்றபோது
கேமராவுக்கு எட்டாத ஓரத்தில்
டெவின் முட்டிபோட்டு மெத்தையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை, சூயிங்கம் மென்றான்.
ஒன்பதுக்கும் வந்தான். பத்துக்கும்.

பெயர்ப்பட்டியலில் என் பெயர் தப்பாக வந்தது, அது வேறு கதை.

சென்ற மாதம் பல் டாக்டரின் வரவேற்பறை.
மூலையில் ஒலியில்லாத டிவி,
எனக்கு இடது உதடு மரத்திருந்தது.
சறுக்குவது நான்.
எழுந்து தூசி தட்டிச் சிரிப்பது டெவின்.
என் முதுகை இருபத்தேழு வரை எண்ணினேன்.
அப்போதுதான் எதிரே
ஒற்றைச் சாக்ஸோடு ஒரு சிறுமி நாற்காலிமேல் ஏறினாள்.
அவள் அம்மா கைப்பேசியில் இருந்தாள்.

முழங்கால் மடியும் விதத்திலேயே தெரிந்துவிட்டது எனக்கு.
"இறங்கு" என்று சொல்லலாம்.
உதடு ஒத்துழைக்கவில்லை, மனசும்தான்.
மணி பிளான்ட் தொட்டியை ஓரடி நகர்த்தினேன்,
குளிர்கோட்டை நாலாய் மடித்துக் கீழே போட்டேன்,
முட்டிபோட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் இன்னும் குதிக்கவில்லை.
விலியாமி இருந்தால்
இதற்குள் விழுந்திருப்பான்.