குழி எண் பதினேழு

கவுஞ்சி. காலை ஒன்பதரை ஆகியும்
பூண்டுத் தாளில் பனி காயவில்லை.
ஒன்றரை மீட்டர் ஆழம் என்கிறது படிவம்.
வெட்டிக் கொடுத்த இருவரும்
மேட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைக்க
டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு
நான் இறங்குகிறேன்.

குழிக்குள் குளிர் வேறு மாதிரி.

ஒரு கை மண். பாட்டில் தண்ணீர் கொஞ்சம்.
பிசைந்தால் உருண்டை பிடிக்கிறது.
கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் தள்ளினால்
நாடாவாக நீண்டு
ஓர் அங்குலம் எட்டுமுன் முறிகிறது.
நறநறப்பு உண்டு, மணல் என்று சொல்ல முடியாது.
வழவழப்பு உண்டு, களி என்று ஒப்ப முடியாது.
"இருமண்பாடு" என்கிறாள் மேலே நிற்கும்
முத்திருளாயி, தோட்டத்துக்காரி.
"லோம்" என்று எழுதுகிறேன்.
அவள் சொல்லில் இரண்டு மண்.
என் சொல்லில் இரண்டு எழுத்து.

போன மாதம் கீழே, தொப்பம்பட்டிப் பக்கம்,
காய்ந்த கம்மங்கொல்லையில் இதே வேலை.
அங்கேயும் லோம்தான்.
முழங்கால் ஆழத்தில் சுக்கான் கல்
கடப்பாறையைத் திருப்பி அனுப்பியது.
அமிலம் ஒரு சொட்டு விட்டேன்,
சோடா திறந்ததுபோல் சீறியது.
மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் மண்
தன் சுண்ணாம்பை வெளியே விடாமல்
வயிற்றிலேயே வைத்திருந்தது.
இங்கே சொட்டு விழுகிறது.
சத்தமில்லை.

நிற அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு வைத்துப் பார்க்கிறேன்.
மேலிருந்து செம்பழுப்பு, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
அதன்கீழ், கோடு கிழித்ததுபோல், கறுப்பு.
வேர் மக்கிய, புழு ஓடிய,
ஒரு காலத்தில் வெயில் பார்த்த கறுப்பு.
மேல்மண் அடியில் கிடக்கிறது.

கோட்டின் மேலேயே நீட்டிக்கொண்டிருக்கிறது
ஒரு நீலப் பாக்கெட்டின் ஓரம்.
நெம்பி எடுக்கிறேன். பூச்சிமருந்து.
காலாவதித் தேதி இன்னும் அழியவில்லை:
மார்ச், இரண்டாயிரத்துப் பத்தொன்பது.

மேல்தோட்டத்துக் குழந்தைவேல்
இதற்காகவே காத்திருந்தவர்போல் இறங்கி வருகிறார்.
"அந்த வருஷ மழையில எங் கல்கட்டு பேந்து
மூணு படி மண்ணு இவ காட்டுல எறங்குச்சு.
இருக்கா இல்லியா, நீங்களே அளந்துட்டீங்க.
நாப்பத்திரெண்டு. எழுதிக் குடுங்க."

முத்திருளாயி அசரவில்லை.
"உம் மண்ணுக்கு அடியில எம் பீன்ஸு கெடக்கு.
காய்ப்புல இருந்துச்சு. அதையும் அளக்கச் சொல்லு.
வேணும்னா வாரிட்டுப் போ.
கூலி நீ குடு."

மேட்டில் ஒருவர் சிரித்துப் புரையேறுகிறார்.

படிவத்தைப் புரட்டுகிறேன்.
சரிவு இருபத்தெட்டு சதவீதம். வடிகால் நன்று. அரிப்பு கடுமை.
தாய்ப்பொருள் என்றொரு கட்டம்:
பாறை இங்கேயே உளுத்ததா, வந்து சேர்ந்ததா.
வந்து சேர்ந்தது என்று எழுதலாம்.
யாரிடமிருந்து என்பதற்குக் கட்டம் இல்லை.

வகைப்பாட்டில் இதற்கு இன்செப்டிசால் என்று பெயர்.
அடுக்குகள் இன்னும் முற்றாத,
மண்ணாக இப்போதுதான் ஆரம்பித்த மண்.
அடியில் உள்ள கறுப்பு
நம் ஊர்களுக்கெல்லாம் பெயர் வைக்குமுன்பே
மண்ணாக இருந்திருக்கும்.
அதைப் புதைந்த மண் என்று தனியாகச் சொல்ல
மேலே ஐம்பது சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும்,
எங்கள் புத்தகத்தில்.
எட்டு குறைகிறது.

இன்னும் ஒரு மழை, என்று நினைத்தேன்.
வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டு பை. பதினேழு அ. பதினேழு ஆ.
முடிச்சுப் போட்டுத் தலையாட்டியதும்
பீடியை அணைத்தவர்கள் எழுந்து,
கைக்கு வந்த மண்ணைக் குழிக்குள் தள்ளத் தொடங்க

"கறுப்ப மொதல்ல போடுய்யா!"
இரண்டு குரல், ஒரே நேரத்தில்.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
முத்திருளாயி சேலையைச் செருகிக்கொண்டு
மண்வெட்டியைப் பிடுங்கினாள்.
குழந்தைவேல் செம்பழுப்பைக் காலால் ஒதுக்கி
வழி விட்டார்.

ஜீப் கிளம்பியது. அடுத்த குழி மன்னவனூரில்.
நீலப் பாக்கெட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை.
என் பையில் இருக்கிறது.