அங்க அடையாளம்

நான் அதைக் கண்டதேயில்லை.
இடது தோள்பட்டைக்கு நாலு விரல் கீழே,
கையும் எட்டாத இடம்.
முதுகு தேய்த்துவிடும்போது நேசமலர்தான் சொன்னாள்:
"மச்சம் ஒருமாதிரி இரிக்கி. ஓரமெல்லாம்
மை ஊறினாப்போல."
"வெள்ளிக்கிழமையில மச்சமோ?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

கிள்ளியெடுத்த துண்டு
எனக்கு முந்திக் கொழும்பு பார்த்து வந்தது.
புற்று என்றும் இல்லையாம்,
இல்லை என்றும் இல்லையாம்.
கலங்கள் ஒழுங்கில்லை. ஓரம் சுத்தமில்லை.
"கொஞ்சம் இன்னும் வெட்டோணும் ஐயா."
தமிழ் பழகிவரும் சிங்கள டொக்டர்
'கொஞ்சம்' என்பதை மட்டும்
எங்களைவிட அழகாகச் சொன்னார்.

போதனா வைத்தியசாலை, இரண்டாம் மாடி.
குப்புறக் கிடக்கிறேன்.
பழைய தழும்பைச் சுற்றிப் பேனை கீறுகிறது,
குளிர்ந்த முனை.
"தோணி மாதிரி" என்கிறா தாதி.
ஊசி. மறுகா நோவில்லை,
இழுபடுவது மட்டும் தெரிகிறது,
பின்னாலிருந்து யாரோ
சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல.

அப்படி இழுத்தது ஒரேயொரு முறை.
தொண்ணூறாம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது.
கண்ணைக் கட்டமுன் கடைசியாகக் கண்டது
ஒழுங்கையில் கிடந்த அம்மாவின் ஒற்றைச் செருப்பு.

முப்பத்தாறு நாள்
முகாம் முகாமாக அவ கொடுத்த கடிதங்களில்
பெயர், வயது, பொதுநிறம்,
அங்க அடையாளம்: முதுகில் இடப்பக்கம் மச்சம்.
கரையில் ஏதும் ஒதுங்கினதென்றால்
ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தாவாம்.
முகத்தை அல்ல.
எத்தனை முதுகு அம்மா என்று
கேட்க நினைத்து நினைத்தே
போன மாசியில் அவவை எரித்தோம்.

நான் வந்துவிட்டேன்.
அதே லொறியில் என் தோளில் சாய்ந்திருந்த
வடிவேற்கரசனுக்கு
எங்கே என்ன இருந்ததோ.

"பாக்கப்போறீங்களா?"
டொக்டர் கிண்ணத்தை நீட்டுகிறார்.
தோணியளவு தோல். நடுவில் தழும்பு.
மச்சம் அதிலுமில்லை,
முதல் துண்டோடேயே போயிருக்கிறது.

ஏழு தையல்.
முடிவுக்கு இன்னும் மூன்று கிழமை.
களுதாவளை பஸ்ஸில்
சாயாமல் நிமிர்ந்து இருக்கிறேன், பள்ளிப் பிள்ளை மாதிரி.
கல்லடிப் பாலம் ஏறும்போது நேசமலர் சொல்கிறாள்:
"தையல் வெட்டுமட்டும் மச்சம் கூடாதாம்."
சொன்ன பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது.
முன்சீற்றுக்காரர் திரும்பிப் பார்க்குமளவு
சிரித்தாள், சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தி,
பிறகு கண்ணையும்.

நான் சிரித்தால்
தையல் இழுக்கும்.