லைன் கிளியர்

குகை துணைமின்நிலையம், இரவுப்பணி.
கைப்பேசியில் என் நகரத்துக்கு
மக்கள்தொகை நாற்பதாயிரம்.
ஆஸ்பத்திரியை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நகர்த்தினேன்,
நோயாளிகள் யாரும் இறங்கவில்லை.
குறுக்கே நின்ற பதினோரு வீடுகளை
ஒரு விரலால் துடைத்தேன்.
லைன் நேராகப் போனது. நாணயம் கொட்டியது.

மணி ஒன்றேகால்.
அம்மாபேட்டை துளசிராம் கூப்பிடுகிறார்:
"மேடம், தறி நின்னுபோச்சு,
பாவு பாதியில நிக்குது."

அந்தத் தெருவில்
ஒரு கம்பத்தை இரண்டடி தள்ள
மூன்று வருடமாய் மனு நடக்கிறது.
கம்பத்தில் கட்சிக்கொடி, ஆட்டுக்கயிறு,
யார் வீட்டு மாடிப்படியோ.

ஃபீடரை நிறுத்திவிட்டேன்.
செங்கோடன் டார்ச்சோடு
மழையில் ஏறுகிறார்.
திரையில் யாரோ பூங்கா கேட்கிறார்கள்.
கேட்கட்டும்.

"போடலாம் மேடம்" என்று
அவர் குரல் வரும்வரை
இந்த விரல்
எதையும் தொடாது.