தவிர்க்க வேண்டிய பகுதி

மைனாட்டில் மார்ச்.
வாசலில் முப்பத்திரண்டடி வண்டி
பனிக்குள் பாதி புதைந்து கிடக்கிறது.
மே மாதம் ஒரேகான் கடற்கரை என்று முடிவாகிவிட்டது,
எப்படிப் போவது என்பதுதான் முடிவாகவில்லை.
சமையல் மேசையில் மடிக்கணினி,
அதில் மூன்று மென்பொருள்கள்.
வெண்டல் ஒவ்வொன்றையும்
விதைக்கோதுமை வாங்க வந்தவன்போல
உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்க்கிறான்.

முதலாவது கேட்டது: வண்டியின் உயரம்?
ஒன்பது வருடமாக ஓட்டுகிறோம், தெரியாது.
அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்,
நான் டார்ச் பிடித்தேன்.
கூரைமேல் ஏ.சி. மூடிவரை
பன்னிரண்டடி ஐந்தங்குலம்.
"ஆறு என்று போடு."
"இயந்திரத்திடம் பொய் சொல்லச் சொல்கிறாயா, ஆர்டித்?"
பாலத்துக்கு அடியில் ஓர் அங்குலப் பொய்
யாரையும் கெடுக்காது என்றேன்.
விரல் விறைத்துப்போயிருந்தது. போட்டான்.

இரண்டாவதற்குக் குரல் உண்டு.
ஒரு பெண். பொறுமைசாலி.
டீசல் எங்கே மலிவு,
இரவில் எங்கே நிறுத்தலாம்,
கழிவுநீரை எங்கே இறக்கலாம், எல்லாம் தெரியும்.
ஊர்ப்பெயர்களைத்தான் கொன்றாள்.
நாங்கள் மணம் முடித்த ஊரை அவள் சொன்னபோது
ஏதோ இருமல் மருந்து என்று நினைத்தேன்.

ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்றும்
ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின:
மேற்கே போகிற நீலக்கோடு
மூன்றிலும்
மைல்ஸ் சிட்டி வழியாகவே போயிற்று.

வெண்டல் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறிப்போன காப்பியைச் சுழற்றினான்.
மைல்ஸ் சிட்டியில் டெல்மர் இருக்கிறான்.
கூடப் பிறந்தவன்.
ஓர் அறுவடை இயந்திரத்தை விற்ற பணத்தில்
யாருக்கு எவ்வளவு என்று ஆரம்பித்து
இப்போது பதினோரு வருடம்.
கிறிஸ்துமஸ் அட்டை போய் வருவதெல்லாம்
டெல்மரின் மனைவி லவோனுக்கும் எனக்கும் இடையில்,
கள்ளக்கடத்தல் மாதிரி.

மூன்றாவதில் ஒரு வசதி இருந்தது.
'தவிர்க்க வேண்டிய பகுதி.'
சுட்டியை இழுத்தால் சிவப்புப் பெட்டி விரியும்,
அதற்குள் எந்தப் பாதையும் நுழையாது.
பதினான்கு நாள் இலவசம்.
அவன் இழுத்தான்.
நகரத்தோடு நிறுத்துவான் என்று பார்த்தேன்.
பெட்டி வளர்ந்தது.
யெல்லோஸ்டோன் ஆற்றில் ஒரு முழம் உள்ளே போயிற்று,
அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில்
ஆப்பிள் பை தின்ற சாலையோரக் கடை போயிற்று,
சண்டையில் சம்பந்தமே இல்லாத
இரண்டு சிற்றூர்களும் போயின.
அடி வாங்கிய நாய்போல நீலக்கோடு
வடக்கே ஒதுங்கி வளைந்தது.
அறுபத்து மூன்று மைல் கூடுதல்.

"இதுதான் நல்ல மென்பொருள்" என்றான்.
"வாங்கிவிடலாம்."

வாங்கவில்லை.
அட்டை என்னிடம்தான் இருக்கும்.
நாளைக்கு, நாளைக்கு என்று நாளைக் கடத்தினேன்.
கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பான்,
நினைத்துக்கொள்ளட்டும்.

பதினைந்தாம் நாள் காலை திறந்தான்.
வரைபடம் இருந்தது. கடற்கரை இருந்தது.
வண்டியின் உயரம், அதில் என் பொய் அங்குலம்
அதுவும் பத்திரமாக இருந்தது.
சிவப்புப் பெட்டி மட்டும் இல்லை.
'இவ்வசதி கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டும்.'
எதுவுமே நடக்காததுபோல
நீலக்கோடு மைல்ஸ் சிட்டிக்குள் புகுந்து
மறுபக்கம் வெளியே வந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் பார்த்தான்.
"வருடத்துக்கு எண்பது டாலர்" என்றேன்,
தட்டைத் துடைத்தபடி.
பதினோரு வருடத்துக்கு எவ்வளவு என்று
மனக்கணக்குப் போட்டானோ என்னவோ.
வெளியே வண்டியின் கூரையிலிருந்து
பனி ஒரு பாளமாகச் சரிந்து விழுந்தது.

"அங்கே டீசல் என்ன விலை?"

இரண்டாவதைத் திறந்து கொடுத்தேன்.
பொறுமைசாலி சொன்னாள்.
விலையைச் சரியாக.
ஊரை, 'மிலெஸ்' என்று.

"மைல்ஸ்" என்றான் அவன்
திரையைப் பார்த்து,
தேவைக்குச் சற்று அதிகமான சத்தத்தில்.