கேட்டு போட்டாச்சு

காயலாங்கடைத் தராசில் மாலையில் நிறுத்தது,
இருபத்தொன்பது கிலோ நானூறு.
"முப்பது வரைக்கும் உடுவான்,
இன்னொரு பொட்டலம் நெத்திலி வையி" என்றார் தாவூது பாய்.
வைத்தேன்.
ஜிப் பிய்ந்த இடத்தில் சுற்றிய பச்சை நைலான் கயிறு
துணிக் கொடியிலிருந்து மகன் அவிழ்த்தது.
மூடிமேல் மார்க்கரில் எழுதியதும் அவன்தான்:
சு. ரெஜினா, மஸகட்.
ஸ்-க்குப் புள்ளி வைக்கவில்லை.
திருத்தச் சொல்வதற்குள் தூங்கிவிட்டான்.

விமானம் நாலு முப்பத்தைந்துக்கு.
பன்னிரண்டே காலுக்கு கேட்டு போட்டாச்சு.

"கணேசபுரம் சப்வேல இடுப்புத் தண்ணி.
மூலக்கடை பக்கம் லாரி படுத்துக் கெடக்கு.
எறங்கிப் போயி அந்தாண்ட வேற ஆட்டோ புடி"
என்றார் கஜபதி, வண்டியை அணைத்துவிட்டு.
எழில் நகரில் குடியிருப்பவருக்குத் தெரியும்,
கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால்
கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் வேறு தேசம்.
பிரசவ வலிக்கும் விசா கிடையாது.

வந்த வண்டி போகவில்லை. நின்றுவிட்டது.
வரிசையாகக் கரிப் பெட்டிகள்.
குப்பைமேட்டுப் புகை மட்டும்
யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
காசிமேட்டுக்குப் போகும் கூடைக்காரி குனிந்து போனாள்.
சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் போனான்.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே, கொக்கிமேல்,
என் பெட்டியை நானும் கஜபதியும் தூக்கிவைத்தோம்.
அந்தப் பக்கமிருந்து இரண்டு கைகள் வந்தன.
முகம் தெரியவில்லை,
கறுப்புக் கயிறு கட்டிய மணிக்கட்டு மட்டும்.
"உடு, புட்ச்சிக்கினேன்."
விட்டேன்.

புடவையைச் செருகிக்கொண்டு நான் குனிந்தபோது
எங்கோ தொலைவில் ஒரு சத்தம்.
ஒரு பெட்டி அடுத்ததை இழுத்து, அது அடுத்ததை இழுத்து,
என்னை நோக்கி ஓடிவந்த இரும்பு.
கஜபதி முந்தானையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

வண்டி கிளம்பியது.
இந்தப் பக்கம் என் கையில் பாஸ்போர்ட், டிக்கெட், இருபது ரியால்.
அந்தப் பக்கம்
இரண்டு ஜோடி யூனிபார்ம், பூண்டு ஊறுகாய், நெத்திலி,
மகனுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஒன்று,
யாருக்கும் சொல்லாமல் அடியில் வைத்தது.

எண்ணினேன், வேறென்ன செய்வது.
ஒவ்வொரு இடைவெளியிலும்
ஒரு துண்டு அந்தப் பக்கம்.
டீக்கடை பல்பு.
நாய்.
பச்சைக் கயிறு.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பச்சைக் கயிறு, அதன்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல்.
முப்பத்தொன்றில் கணக்கு தவறிப்போனது.
"இதான் கடைசி, இதான் கடைசி" என்று
ஒவ்வொரு பெட்டிக்கும் சொல்லிக்கொண்டிருந்தார் கஜபதி.

சிவப்பு விளக்கு போனது.
எதிர் வண்டி இருக்கிறதாம், கேட்டு ஏறவில்லை.
ஜல்லியில் செருப்பு மடங்க மடங்க நடந்தேன்.

பெட்டிமேல் யாரும் உட்காரவில்லை.
தூறுகிறதென்று தன் மழைக்கோட்டை அதன்மேல் போர்த்திவிட்டு
நனைந்துகொண்டு நின்றார்,
ஹார்பரில் வேலை முடிந்து வருகிறவர்போல.
"இன்னாம்மா, இரும்பா வச்சிருக்க?"
பிறகு மூடியைப் படித்து,
"மஸகட்டா? எங்க கீது அது?"
"கடலுக்கு அந்தாண்ட."
"அங்கியும் கேட்டு போடுவானா?"
நான் யோசிப்பதற்குள்
கோட்டை உதறி மாட்டிக்கொண்டு
எங்கள் தெருப்பக்கம் நடந்துவிட்டார்.
பேர் கேட்கவில்லை.

மீனம்பாக்கத்தில் கவுன்ட்டர் பெண்
கொட்டாவியை விழுங்கிவிட்டு மனப்பாடமாய்க் கேட்டாள்.
பெட்டியைக் கட்டியது நீங்கள்தானா?
வழியில் வேறு யாரிடமாவது கொடுத்தீர்களா?

கொக்கியின் கிரீஸ் இன்னும்
இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது.
மடக்கிக்கொண்டேன்.
இல்லை என்றேன்.

முப்பது கிலோ இருநூறு காட்டியது மிஷின்.
மழையைச் சேர்த்து நிறுத்திருக்கும்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
பட்டையை ஒட்டி அனுப்பினாள்.